பிழியாத துணி

அந்தக் காலத்தில் தண்ணீருக்கும் காபித்தூளுக்கும்கூட வாய் இருந்தது. அப்போது ஒரு கோடையில் மலை முழுவதும் காய்ந்துபோனது. காலடியில் சருகு நொறுங்கினாலே ஆட்கள் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பொறி போதும், காடு போய்விடும். மழை இறங்கும்வரை யாரும் அடுப்பு மூட்டுவதில்லை என்று ஊர் கூடி முடிவெடுத்தது. அவலை நனைத்துத் தின்றார்கள்.

உச்சிப் பாறையில் வீரணன் காவலுக்கு இருந்தான். எங்கே புகை தெரிந்தாலும் அவன் கொம்பு ஊத வேண்டும். ஊரார் ஓடிவந்து பச்சைத் தழையால் அடித்து அணைத்துவிடுவார்கள். அவனுக்கு மாற்றாக வருகிறவன் காய்ச்சலில் விழுந்ததால், வீரணன் இரவும் பகலும் கண் மூடாமல் இருந்தான். வழக்கமாக அவனை விழிக்கவைப்பது மனைவி செவந்தி போடும் சூடான காபிதான். இப்போது அதற்கு வழியில்லை.

காலையில் மலையணில் செவந்தியிடம் ஓடிவந்தது. அந்த நாளில் அதன் உடம்பு நல்ல செம்மண் நிறம்.

"மதினி, அண்ணன் ஒருதரம் தலை சாஞ்சிட்டாரு. நான்தான் காதைக் கடிச்சு எழுப்பினேன். ஏதாவது செய்யுங்க."

வறுத்து இடித்த தூள் வீட்டில் இருந்தது. செவந்தி அதைக் கலயத்தில் கொட்டி, சுனைத் தண்ணீர் ஊற்றிக் கலக்கினாள். தண்ணீர் நிறம்கூட மாறவில்லை. கலயத்தை வெயிலில் பாறைமேல் வைத்துப் பார்த்தாள். மணமெல்லாம் பறந்துபோய், வாயில் வைத்தால் புளித்தது. அதைக் கீழே கொட்டிவிட்டுப் புதுத் தூள் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள்.

"வெந்நீர் மாதிரி தூளை அதட்ட என்னால முடியாதும்மா," என்றது தண்ணீர். "கேட்டுத்தான் பார்க்கணும்."

கலயத்துக்குள்ளிருந்து தூள் பேசியது. "தாயீ, வெந்நீர் வந்தா என்கிட்ட பிடுங்கிக்கிட்டுப் போகும். மணத்தோட கசப்பும் போயிடும். நீங்க பாலை ஊத்தி மறைச்சுக்கறீங்க. இந்தப் பச்சைத் தண்ணி மரியாதையாக் கேக்குது. மணத்தை மட்டும் தர்றேன், கசப்பை நானே வச்சுக்கறேன். நிழல்ல மூடி வை. பலாமரத்து நிழல் அந்தப் பக்கம் திரும்பினப்புறம் துணியில வடிகட்டு. ஒண்ணே ஒண்ணு, என்னை நெருக்காதே."

செவந்தி மூடிவைத்துவிட்டுக் காத்திருந்தாள். கை மூடிமேல் போகும். சேலையில் துடைத்துக்கொண்டு கையை இழுத்துக்கொள்வாள். சற்று நேரத்தில் மறுபடியும் போகும். பலாமரத்து நிழல் ஆணி அடித்ததுபோல் கிடந்தது. எங்கிருந்தோ காற்று வந்தால் முகர்ந்து பார்த்தாள், புகை வாசம் இருக்கிறதா என்று.

ஒருவழியாக நிழல் திரும்பியது. பலாமரக் கிளையில் துணியைக் கட்டி, கலயத்தைச் சாய்த்தாள். கீழே வைத்த மூங்கில் குழாயில் பொன்னிறமாக ஒரு சொட்டு விழுந்தது. வெகுநேரம் கழித்து இன்னொன்று.

அணில் மூச்சிரைக்க வந்தது. "இப்பக் காதைக் கடிச்சாலும் அவருக்கு உறைக்கல மதினி! இன்னும் சொட்டிக்கிட்டிருக்கா? மலை வெந்து முடிஞ்சப்புறம்தான் குழாய் நிறையும். பிழிங்க!"

"நெருக்காதேன்னு அது சொல்லியிருக்கு, கொழுந்தனாரே."

"சொன்னது யாரு? தூளு. தூளுக்கென்ன, புருஷனா பாறைமேல உட்கார்ந்திருக்கான்?"

செவந்தி துணியை இரண்டு கையாலும் பிடித்து முறுக்கினாள்.

கரிய சாறு குபுகுபுவென்று இறங்கியது. "தர்றேன்னுதானே சொன்னேன், தாயீ," என்றது தூள். அதற்குப்பின் அது பேசவில்லை.

அணில் குழாயை வாயில் கவ்விக்கொண்டு பறந்தது. வீரணன் ஆவலாக வாய் நிறைய ஊற்றிக்கொண்டான். எட்டிக்காய்க் கசப்பு. குமட்டித் துப்பினான். இன்னொரு மிடறு முயன்றான், தொண்டை திறக்கவில்லை. மீதியைப் பாறையில் கொட்டிவிட்டுச் சாய்ந்தவன் அப்படியே தூங்கிப்போனான்.

மேற்குச் சரிவில் காய்ந்த மூங்கில்கள் காற்றில் உரசின. மெல்லிய புகை எழுந்தது. அணில் கடித்தது, முடியைப் பிடித்து இழுத்தது. அவன் அசையவில்லை. கொம்பை ஊதிப் பார்த்தது, அதன் சின்ன வாய்க்குக் காற்றுதான் வந்தது. வேறு வழியில்லாமல் புகைக்குள்ளேயே பாய்ந்து, எரியும் சரிவைக் கடந்து ஊருக்குள் ஓடிக் கத்தியது.

ஊர் திரண்டு வந்தது. மேற்குச் சரிவு போய்விட்டது, மலை தப்பியது. வீரணனை எழுப்பியபோது யாரும் அவனை ஏசவில்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

ஆபத்து இன்னும் தீரவில்லை. கரிந்த கட்டைகளுக்குள் நெருப்பு ஒளிந்திருக்கும். மறுநாளும் அவன்தான் பாறைக்குப் போனான்.

செவந்தி மறுபடியும் தூளைக் கலயத்தில் போட்டாள். மன்னிப்புக் கேட்கலாமா என்று நினைத்தாள். மூடினாள், காத்திருந்தாள், துணியைக் கட்டினாள். பிறகு தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டாள். உடம்பெல்லாம் சாம்பலாகக் கிளையில் குந்தியிருந்த அணில், சொட்டு விழும்போதெல்லாம் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டது.

வீரணன் குடித்தான். பாலில்லை, வெல்லமில்லை. ஆனாலும் நாக்கு நுனியில் ஒரு இனிப்பு நின்றது. கட்டை ஒன்று மெல்லப் புகைந்தபோது அவன் கண் திறந்திருந்தது. கொம்புச் சத்தம் மலை முழுவதும் கேட்டது.

அந்தச் சாம்பல் எத்தனை மழையிலும் கழுவிப்போகவில்லை. மலையணில் இன்றும் நரைத்த நிறத்தில்தான் அலைகிறது. அன்று முதல்தான், அடுப்பில்லாமல் காபி போடுகிற எந்த வீட்டிலும், எவ்வளவு அவசரமானாலும், வடிகிற துணியை நோக்கி நீளும் கை பாதியிலேயே நின்று திரும்பிவிடுகிறது.