பெயராத ஐந்தாவது ரோடு

இது ஒரு குரு, சீடன் கதை. சீடன் என்றதும் காவித் துணியும் கமண்டலமும் உங்கள் நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பில்லை. குழந்தைவேல் பேண்ட் சட்டை போட்ட ஆள். நாற்பது வயது, பொறியியல் கல்லூரியில் வாத்தியார் வேலை. ரோடு என்றால் என்னவென்று அவனுக்குக் கற்றுக்கொடுத்தவர் ஊராட்சி ஒன்றியத்து இன்ஜினியர் பர்வதம். இன்றைக்கும் அவர் எதிரில் அவன் உட்கார மாட்டான்.

போன சித்திரையில் அவன் ஒரு கணக்குப் போட்டான். எவ்வளவு வண்டி ஓடுகிறது, தார் போட்டு எத்தனை வருஷம், தண்ணீர் எங்கே தேங்குகிறது, எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் கொடுத்தால் எந்த ரோடு எப்போது பெயரும் என்று அது சொல்லிவிடும். ஐந்து கிராமத்து ரோடுகள் ஐப்பசி மழைக்குத் தாங்காது என்றது. பர்வதத்திடம் மட்டும் காட்டினான்.

"மழை முடியற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லாதீங்க மேடம். நடுவுல யாராச்சும் ரோட்டுல கை வெச்சுட்டா, கணக்கு சரியா தப்பான்னு தெரியாமப் போயிடும்."

அவர் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

கார்த்திகையில் வந்து நின்றான்.

"நாலு ரோடு சொன்னபடியே பெயர்ந்துடுச்சு மேடம். அஞ்சாவது மட்டும் அப்படியே இருக்குங்கறாங்க. அடுத்த வாரம் சென்னையில பெரிய அதிகாரிங்க முன்னாடி காட்டணும். ஒத்துக்கிட்டாங்கன்னா மாநிலம் பூரா என் கணக்குதான். எங்க தப்பு விட்டேன்னே தெரியல."

"வாங்க, போய்ப் பார்ப்போம்" என்று ஜீப்பில் ஏற்றிக்கொண்டார்.

போகிற வழியில் பெயர்ந்த ரோடு ஒன்று. ரோடா அது! தார் போய் ஜல்லி போய், குழிதான் மிச்சம். வளைவில் ஒரு பெண் குழிக்குள் வேப்பங்கொப்பை நட்டுக்கொண்டிருந்தார். பர்வதம் ஜீப்பை நிறுத்தச் சொன்னார்.

"எதுக்கும்மா இது?"

"வர்றவங்களுக்குத் தெரியோணுமில்லீங்க? எங்கூட்டுக்காரரு பால் கேனோட இதுலதானுங்க வுழுந்தாரு. முழங்காலுக்குக் கீழ எடுத்துப்போட்டாங்க."

கொப்பு சாயாமல் இருக்கக் கல்லை அண்டக் கொடுத்தார்.

"ஆயுத பூஜை வரைக்கும் நல்லாத்தானுங்க இருந்துச்சு. இப்படிப் போகும்னு யாருக்குங்க தெரியும்?"

குழந்தைவேலுக்குத் தெரியும். பர்வதம் அவனைக் காட்டிக்கொடுக்கவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அந்தப் பாவிக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஜீப் ஐந்தாவது ரோட்டுக்கு வந்தது.

அது முழுசாக இருந்தது. எதிரே மினி பஸ் ஒன்று ஆட்டமில்லாமல் வந்து கடந்து போனது. குழந்தைவேல் இறங்கி நடந்தான். கொஞ்ச தூரம் போனதும் குனிந்து பார்த்தான். விரிசல் ஓடிய இடமெல்லாம் தார் ஊற்றி அடைத்திருந்தது. ஓரத்தில் தண்ணீர் வடிய வாய்க்கால் வெட்டியிருந்தது.

"யார் மேடம் இதைச் செஞ்சது?"

"நான்தான். ஆடி மாசமே."

"சொல்லாதீங்கன்னு அவ்வளவு கேட்டுக்கிட்டேனே மேடம்!"

"கேட்டீங்க."

"அப்ப என் கணக்கு சரியாத்தான் இருந்திருக்கு. நீங்க கை வெச்சதாலதான் பொய்யாயிடுச்சு."

"ஆமா."

அவனுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வந்த வழியையே திரும்பிப் பார்த்தான்.

"மத்த நாலு ரோடு மேடம்?"

"அதையும் பொய்யாக்கத்தான் உங்க கணக்கை எடுத்துக்கிட்டு ஆபீஸ் ஆபீஸா ஏறி இறங்கினேன்" என்றார் பர்வதம். "ஒத்த ஆளு பேச்சுக்கு ஒரு ரோட்டுத் தார்தான் கிடைச்சுது."