சனிக்கிழமை வராதவர்

அறுபது வயதில் சூசைமாணிக்கம் சாமியார் மறுபடியும் மாணவரானார். மலையடிவாரத்துத் தியான இல்லத்தில் உளவியல் ஆலோசனைப் பயிற்சி. சொல்லிக்கொடுத்தவர் சிஸ்டர் எர்மினா, அவரைவிட இருபது வயது இளையவர். பங்குச் சாமியாருக்கு இந்த வயதில் இதெல்லாம் எதற்கு என்று ஊரில் சிரித்தார்கள்.

அன்று வகுப்பு முடிந்தும் அவர் எழவில்லை.

"என்ன ஃபாதர், பஸ் போயிடும்."

"போகட்டும் சிஸ்டர். ஒரு சந்தேகம். ஒருத்தர் சனிக்கிழமை தவறாம பாவசங்கீர்த்தனத்துக்கு வருவார். எப்பவும் ஒரே பாவம். என்ன பாவம்னு சொல்லமாட்டேன்."

"நானும் கேக்கமாட்டேன்."

"ஒருநாள் எனக்குப் பொறுமை போச்சு. 'ஆண்டவர் என்னைக்கோ மன்னிச்சிட்டார், இதுக்காக இனிமே வரவேண்டாம்'னுட்டேன். அதோட அவர் வரவேயில்லை. நான் சொன்னதுல என்ன தப்பு? உங்க சிகிச்சையில என்ன செய்வீங்க?"

சிஸ்டர் தன் நாற்காலியைத் தூக்கி அவருக்குப் பக்கவாட்டில் போட்டார். முகத்தைப் பார்க்காமல், காதை மட்டும் அவர் பக்கம் சாய்த்து உட்கார்ந்தார். பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்க வருபவர்களுக்காக, பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குள் சாமியார் உட்காருவதும் அப்படித்தான்.

மின்விசிறி சுற்றியது. டீயில் ஆடை படிந்தது. சாமியார் செருமினார், ஜெபமாலையை உருட்டினார். சிஸ்டர் அசையவில்லை.

"ராத்திரி தனியாத்தான் சாப்பிடுறேன்" என்றார் திடீரென்று. "சமையக்காரம்மா மூடி வச்சிட்டுப் போயிடும். எங்கம்மா போனதுக்கப்புறம் சோறு தொண்டையில இறங்கமாட்டேங்குது. ரேடியோவைப் போட்டுக்குவேன். வீட்டுல ஒரு குரல் கேக்கணுமே."

"இதை யார்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா?"

"யார்கிட்ட சொல்ல? நானும் இன்னொரு சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்றவன்தான். அங்க சொல்லலாம்னா, இது பாவமில்லையே சிஸ்டர்."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது.

கையில் ஒரு பாவமாவது இருந்தால்தான் அந்தக் கூண்டுக்குப் போய் மண்டியிடலாம். சனிக்கிழமை வந்தவரும் ஒரு குரல் கேட்கத்தான் தன்னிடமிருந்த ஒரே பாவத்தை எடுத்துக்கொண்டு வாராவாரம் வந்திருக்கிறார். இவர் அதையும் பிடுங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டார்.

சாமியார் ஜெபமாலையை அங்கிப் பையில் போட்டார்.

"இப்ப நான் வீடு தேடிப் போகவும் முடியாது. கூண்டுக்குள்ள கேட்டதை வெளியில எடுக்கக்கூடாது. அவர்கிட்டயே எடுக்கக்கூடாது. என் வாயைக் கட்டியிருக்கு."

சிஸ்டர் எழுந்து நாற்காலியைத் திருப்பி அவருக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"பாவத்தைப் பத்திப் பேசத்தானே தடை? சாப்பிட்டீங்களான்னு கேக்கவுமா தடை, ஃபாதர்?"