எட்டு மொழி ராஜா

வடபழனியில் கார்ட்டூன் படம் எடுக்கும் தாண்டவராயருக்கு மீசை பெரிது. அதிகாரம் அதைவிடப் பெரிது. பாத்திரங்களுக்கு வாயசைவு வரையும் எஸ்தரை ஒருநாள் கூப்பிட்டார்.

“படம் எட்டு மொழியில வருது. ராஜாவை ஒரே தடவைதான் வரையணும், எட்டுக்கும் வாய் பொருந்தணும். திங்கட்கிழமைக்குள்ள முடியலேன்னா வேலைக்கு வராதே!”

தமிழுக்கு அசைகிற வாய் வங்காளத்துக்கு எப்படிப் பொருந்தும்? எஸ்தர் வாதாடவில்லை. “ஆகட்டும் சார்” என்று போய்விட்டாள்.

திங்கட்கிழமை எல்லோர் முன்னாலும் படம் ஓடியது. எட்டு மொழியிலும் ராஜா கனகச்சிதமாகப் பேசினார், வாயை மறைத்த புதர் மீசையோடு!

“எப்படிம்மா தோணிச்சு?” என்றார் முதலாளி.

“உங்களைப் பார்த்துத்தான் சார். மூணு வருஷமா திட்டு வாங்கறேன், உங்க வாயை இன்னும் பார்த்ததில்ல.”

அறையே கொல்லென்று சிரித்தது. தாண்டவராயர் ஏதோ பதில் சொன்னார் போலிருக்கிறது. மீசை ஆடியது மட்டும்தான் தெரிந்தது.