தலை கிள்ளிய செடி

தெய்வசிகாமணி சொன்ன இந்தக் கதையைப் பல வருடம் நான் நம்பவில்லை. பீடியை விட முடியாதவர் சொல்லும் கதை பீடிக்காரனுக்குச் சாதகமாகத்தானே இருக்கும்?

அவர் பஸ் டிரைவர். வேடசந்தூர்ப் பக்கம் ஒரு புகையிலைக் காட்டோரம் குடிசை போட்டிருந்த சாமியாரிடம், ஐம்பது வயதுக்கு மேல் சீடராகச் சேர்ந்தார். சாமியார் அவரைவிடப் பத்து வயது இளையவர். அங்கே இன்னொரு சீடர், கார்மேகம். ஒரே நாளில் பீடிக்கட்டைக் கிணற்றில் வீசியவர். வருகிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லாமல் விடமாட்டார்.

"மனசு வேணும் அண்ணே. உங்ககிட்ட இருக்கிறது மனசா, தீப்பெட்டியா?"

சிகாமணி ஐந்து முறை விட்டிருந்தார். ஆறு முறை தொடங்கியிருந்தார். அப்பா இருமியே செத்தார், பெரியப்பாவும் அப்படித்தான். சிலருக்கு இந்தப் பிடி பரம்பரையாகவே கொஞ்சம் இறுக்கம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒரு நாள் காலை, பதினேழு வயது மகனின் சட்டையைத் துவைக்கப் போட எடுத்தார். பீடி நாற்றம்.

நேரே சாமியாரிடம் வந்தார்.

"சாமி, இது என் குத்தமா, என் அப்பன் குத்தமா? எந்த வாயால அவனைத் திட்டுவேன்?"

சாமியார் சிகாமணியையும் கார்மேகத்தையும் வரப்புக்கு அழைத்துப் போனார். தலையில்லாத பனை ஒன்று நின்றது.

"இது எப்பப் போச்சு?"

"இடி விழுந்து ஆறு வருசம் ஆச்சு," என்றார் கார்மேகம்.

"மறுபடி துளிர்த்துச்சா?"

"பனை எங்க சாமி துளிர்க்கும்? தலை போனாப் போனதுதான்."

சாமியார் குனிந்து ஒரு புகையிலைச் செடியின் பூந்தலையைக் கிள்ளினார்.

"இது?"

"இலைக்கு இலை பக்கத்துளிர் வெடிக்கும். ஒடிச்சு விட்டாத்தான் இலை பெருக்கும்," என்றார் சிகாமணி.

பக்கத்து வரிசையில் தலை கிள்ளி ஒரு வாரம் ஆகியிருந்தது. சாமியார் அதைக் காட்டினார். "இது உங்களோடது. ஒடிங்க."

நாற்பது செடி. விரலெல்லாம் பிசின். முடித்துவிட்டு நிமிர்ந்தார் சிகாமணி.

"ஆச்சு சாமி."

"அடுத்த செவ்வாய் வாங்க."

அடுத்த செவ்வாய், ஒடித்த இடத்திலேயே துளிர். அதற்கடுத்த செவ்வாயும். கார்மேகம் பனையடியில் உட்கார்ந்து சிரித்தார். நான்காம் வாரம் சிகாமணி கையிலிருந்த துளிர்களை வீசியெறிந்தார்.

"இது எப்பத்தான் சாமி நிக்கும்?"

"அறுவடை அன்னிக்குத்தான்."

கார்மேகத்தின் சிரிப்பு நின்றது.

சிகாமணி கேட்டார். "அப்ப என் பையன்கிட்ட என்ன சொல்லட்டும்?"

"அவன் என்ன செடின்னு சொல்லுங்க. பனைன்னு, ஒரே வெட்டுல போயிடும்னு நினைச்சுக்கிட்டுப் பத்த வைக்கிறான்."

பஸ் நிலையத்து டீக்கடையில் இதை அவர் எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் விரலிடுக்கில் ஒரு பீடி புகையும். போன மாதம் அவர் மகன் அங்கே வந்தான். முப்பது வயது இருக்கும். தீப்பெட்டியைத் தேடினான், கிடைக்கவில்லை. அப்பாவின் பீடியிலிருந்தே தன் பீடிக்கு நெருப்பு எடுத்துக்கொண்டு போனான்.

அன்றைக்குத்தான் கேட்டேன்.

"அண்ணே, ஊருக்கெல்லாம் சொல்றீங்களே, இவன்கிட்ட அதைச் சொன்னீங்களா?"