தூங்குமூஞ்சி துளசிங்கத்தின் பிளாஸ்க்

ஒரு காலத்தில், வாரப் பத்திரிகை ஓவியர் ஒருவரின் மேஜையில் பென்சில், மைப்பேனா, ரப்பர் மூன்றும் சேர்ந்து குடித்தனம் நடத்தின. வாரா வாரம் அவை வரைந்த சிரிப்புப் படத்தின் நாயகர் தூங்குமூஞ்சி துளசிங்கம். வங்கிக் காவலாளி.

பென்சில்தான் முதலில் மெல்லிய கோட்டில் முழு ஆளையும் வரையும். பேனா அதில் வேண்டியதை மட்டும் மையில் எடுக்கும். மீதியை ரப்பர் அழித்துவிடும். மையில் இருப்பதுதான் அச்சில் ஏறும்.

பேனாவுக்கு வேண்டியது கொஞ்சம்தான். தொப்பை, மீசை, மூடிய கண்ணுக்கு இரண்டு கோடு. ஊரே சிரித்தது. அதில் பேனாவுக்குப் பெருமை.

ஒரு வாரம் பேனா தொப்பையை முடித்தபோது, துளசிங்கம் காகிதத்திலிருந்து பேசினார். நாற்காலிக்கு அடியில் பென்சில் வரைந்திருந்த பிளாஸ்க்கையும் மையில் எடுக்க முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

பேனாவுக்குச் சிரிப்பு வந்தது. இன்றைக்குப் பிளாஸ்க், நாளைக்குக் குடை என்று கேட்டுக்கொண்டே போனால் உன்னைப் பார்த்து எவன் சிரிப்பான் என்றது.

"சிரிக்கட்டும்ணே, வேணாங்கலை. ஆனா தூக்கம் மட்டுமே நான் இல்லையே."

பேனா காதில் வாங்காமல் கண்களை வரையப் போனது. ரப்பர் உருண்டு வந்து குறுக்கே படுத்தது. தேய்ந்து தேய்ந்து அது புளியங்கொட்டை அளவாகியிருந்தது.

"பன்னெண்டு வருஷமா அந்தப் பிளாஸ்க்கை அழிக்கிறவன் நான். அதுல கஞ்சி இருக்கு. வேலை முடிஞ்சதும் இவர் நேரா ஆஸ்பத்திரிக்குப் போறார். வீட்டுக்காரிக்குத் தானா புரண்டு படுக்க முடியாது. விடிய விடிய இவர்தான் புரட்டிப் படுக்க வைக்கிறார். பகல்ல கண்ணு சொக்காம என்ன செய்யும்?"

பேனாவின் முனையில் மை காயத் தொடங்கியது. இதை ஏன் இத்தனை நாள் யாரும் சொல்லவில்லை என்று கேட்டது.

"வாரா வாரம் வரைஞ்சேனே," என்றது பென்சில்.

பேனா மீண்டும் மையில் முங்கி எழுந்தது. மூடிய கண்ணுக்கு வழக்கம்போல இரண்டு கோடு போட்டது. பிறகு குனிந்து, பிளாஸ்க்கை மூடியோடும் பிடியோடும் நிதானமாக வரைந்தது. ரப்பர் அதைச் சுற்றிப் பார்த்துப் பார்த்து அழித்தது.

அந்த வாரமும் ஊர் சிரித்தது. சிரித்தவர்கள் பக்கத்தைப் புரட்டக் கொஞ்சம் தாமதித்தார்கள்.

அச்சான பத்திரிகை மேஜைக்கு வந்ததும், மூடிய கண்ணோடு துளசிங்கம் சொன்னார்.

"ரொம்ப நன்றிண்ணே. இன்னைக்குத்தான் என் வீட்டுக்காரியும் படத்துல வந்திருக்கா."