குருவி கத்தினால் பொய்

எங்கள் மாடி வீட்டு வரதராஜுலு ஓய்வுபெற்ற பொறியாளர். ஓய்வு உத்தியோகத்துக்குத்தான், அதிகாரத்துக்கு இல்லை. அவருடைய அம்மா கொடுத்த ஊறுகாய் ஜாடி உடைந்ததும் மனிதர் ஒரு மெஷினே செய்துவிட்டார். விரலில் சுற்ற அலுமினியத் தாள், ஒரு பேட்டரி, பழைய காலிங்பெல். பொய் சொன்னால் விரல் வியர்க்குமாம், கரண்ட் பாயுமாம், காலிங்பெல் குருவி கத்துமாம்.

குடியிருப்பில் எல்லோரையும் கூட்டிவைத்து, பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த பவுனம்மாவை அழைத்து உட்கார வைத்தார்.

"ஜாடியை உடைச்சது நீதானே?"

"நான் இல்லீங்க சார்."

குருவி வீறிட்டது. ஈரக்கையில் சுற்றினால் கத்தாமல் பாட்டா பாடும்?

"நாளையிலேருந்து வேலைக்கு வராதே. என் மெஷின் தப்பே பண்ணாது."

"சரிங்க சார். போறதுக்கு முன்னாடி, நீங்க ஒருதரம் கையை வைங்க. எல்லாரும் பார்க்கட்டும்."

மனிதர் பெருமையாகத் தாளைச் சுற்றிக்கொண்டார். பவுனம்மா வாசற்படியில் நின்ற அவர் மனைவியைப் பார்த்தாள்.

"உங்க அம்மா சமையலைவிட சுலோசனாம்மா சமையல்தான் ருசின்னு சொல்லுங்க சார்."

அவருக்கு நெற்றியெல்லாம் வியர்த்தது. "அதிலென்ன சந்தேகம்? சுலோ சமையல்தான்!"

குருவி கத்தியது. நிறுத்தவே இல்லை.

"மெஷின்ல ஏதோ கோளாறு!" என்று தாளைப் பிய்த்தார்.

"அப்போ எனக்குக் கத்தினதும் கோளாறுதானே சார்?"

சுலோசனா வாசற்படியிலிருந்து இறங்கி வந்தாள்.

"மெஷின் கிடக்கட்டும். உங்க அம்மா ஜாடியைக் கீழே போட்டது நான்தான். பவுனம்மா, நாளைக்குச் சீக்கிரம் வந்துடு. சார் சமைக்கப் போறார், பாத்திரம் நிறைய விழும்."