பதினோரு மணி நிழல்

மலையடிவாரத்தில் ஓர் ஆசிரமம். குருவுக்கு ஐம்பது வயது. சீடர்கள் எல்லோரும் அவரைவிட மூத்தவர்கள், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு வந்தவர்கள். காய்கறித் தோட்டம் அவர்கள் பொறுப்பு.

தெய்வநாயகம் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தவர். அறுபத்தொன்பது வயதிலும் தலையில் துண்டுகூடப் போடாமல் உச்சி வெயிலில் களை கொத்துவார்.

சித்திரையில் ஒரு நாள் பூவராகன் களைக்கொத்தைக் கீழே வைத்துவிட்டு வேப்பமரத்தைப் பார்த்தார். அவருக்கு எழுபத்திரண்டு.

"என்ன பூவராகன், அதுக்குள்ள மரத்தடியா? பாய் தலையணை கொண்டுவரச் சொல்லட்டுமா?" என்றார் தெய்வநாயகம்.

எல்லோரும் சிரித்தார்கள். பூவராகனும் சிரித்தார். களைக்கொத்தை மறுபடி எடுத்தார். அரை மணி நேரத்தில் கத்தரிப் பாத்தியில் குப்புற விழுந்தார். உடம்பு கொதித்தது. ஒரு சொட்டு வியர்வை இல்லை. ஈரத் துணி சுற்றி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள்.

பிழைத்துக்கொள்வார் என்று மூன்றாம் நாள்தான் தெரிந்தது. எல்லோரும் பார்க்கக் கிளம்பினார்கள். தெய்வநாயகம் கிணற்றடியில் நின்று, கழுவிய மண்வெட்டியையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார்.

அன்று மாலை குருவிடம் வந்தார்.

"சாமி, அவரைத் தள்ளினது வெயில் இல்ல. நான்தான்."

"தெரியும்."

"அவர் பாத்தியையும் நானே கொத்துறேன். ஒரு மாசம். மத்தியானத்துலயும்."

"மறுபடியும் வெயிலா?"

தெய்வநாயகம் தலைகுனிந்தார்.

"நாளைக்குப் பதினோரு மணிக்கு, எல்லாருக்கும் முன்னால நீங்க நிழலுக்கு வாங்க," என்றார் குரு.

"அவ்வளவுதானா? எந்த முகத்தை வச்சிக்கிட்டு சாமி அவரைப் போய்ப் பார்ப்பேன்?"

"நிழலுக்கு வந்த முகத்தோட போங்க."

மறுநாள் பதினோரு மணி அடித்தது. தெய்வநாயகத்தின் விரல்கள் பிடியை விடவில்லை. இந்தச் செடியோடு சரி என்று கொத்தினார். பிறகு அடுத்த செடி. குரு மரத்தடியில் தண்ணீர்ப் பானையோடு உட்கார்ந்திருந்தார். கூப்பிடவில்லை.

கடைசியில் தெய்வநாயகம் களைக்கொத்தை வைத்துவிட்டு நடந்தார். மரம் இருபது அடி தூரத்தில் இருந்தது.

"என்ன மாஸ்டர், உடம்பு சரியில்லையா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

"உடம்பு நல்லாத்தான் இருக்கு. வெயில் தாங்கல."

காது மடல் சுட்டது. நிழலில் உட்கார்ந்து தரையையே பார்த்தார்.

ஒரு களைக்கொத்து மண்ணில் விழும் சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. மற்ற சீடர்கள் ஏழு பேரும் வந்துவிட்டார்கள். ஒருவர் மூச்சு வாங்கிக்கொண்டே உட்கார்ந்தார். இன்னொருவர் மரத்தில் சாய்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டார்.

தெய்வநாயகம் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"இத்தனை நாளா இவங்க எல்லாம் எனக்காகவா சாமி வெயில்ல நின்னாங்க?"

குரு ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டினார். தெய்வநாயகம் அதை வாங்கி, பக்கத்திலிருந்தவரிடம் கொடுக்கப் போனார்.

"முதல்ல நீங்க குடிங்க," என்றார் குரு. "எல்லாரும் உங்களைத்தான் பார்த்துக்கிட்டு இருக்காங்க."